ஒரு டன் ஏ.சி.யில் எது ஒரு டன்? ஐஸ் அவுஸ் சொல்லும் ரகசியம்!

சென்னை—

"ஒரு டன் போதுமா சார், ஒன்றரை டன் வேணுமா?"

ஏ.சி. விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் விழும் கேள்வி இதுதான். நாமும் தலையைச் சொறிந்துகொண்டு, "ரூம் பத்துக்குப் பன்னிரண்டு... ஒரு டன் போதும்" என்று சொல்லிவிட்டு, தவணை எவ்வளவு என்ற கணக்கில் இறங்கிவிடுகிறோம்.

எது ஒரு டன்? அந்தப் பெட்டியைத் தூக்கி எடை போட்டால் ஒரு டன் வராது. ஒரு மூட்டை சிமெண்டு அளவுக்குத்தான் இருக்கும். அப்படியானால் அந்த டன் எங்கே போனது?

அது ஐஸ் கட்டியின் டன்!

ஏ.சி. மெஷின் வருவதற்கு முன்பு குளிர் என்றால் ஐஸ்தான். ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றுப்புறத்தில் இருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே 24 மணி நேரத்தில் வெளியே தள்ளும் மெஷினுக்கு 'ஒரு டன்' என்று பெயர் வைத்தார்கள். ஐஸ் போய்விட்டது. டன் மட்டும் நின்றுவிட்டது.

இதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். திருவல்லிக்கேணி பக்கம் போகும் பஸ்சில் ஏறினால் போதும். கண்டக்டரே சத்தம் போட்டுச் சொல்வார்: "ஐஸ் அவுஸ் எல்லாம் இறங்கு!"

கப்பலில் வந்த குளிர்

மெரினா கடற்கரைக்கு எதிரே, காமராசர் சாலையில் வட்ட வடிவ முகப்போடு நிற்கிறதே ஒரு கட்டிடம்... இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். 1897-ம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் வந்த பெயர் அது. ஆனால் அந்தக் கட்டிடம் கட்டப்பட்டது சாமியாருக்காக அல்ல. ஐஸ் கட்டிக்காக!

கட்டியவர்கள், பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் ஆட்கள். வருடம் 1842.

போஸ்டன் நகரத்துக்காரரான டியூடர் செய்த வியாபாரத்தைக் கேட்டால் ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். குளிர்காலத்தில் ஊர் ஏரிகள் பாறையாக உறைந்து கிடக்கும். அதைக் கட்டி கட்டியாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, வெயில் கொளுத்தும் நாடுகளில் விற்பது. 1833-ம் ஆண்டு 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். வழியில் பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். கப்பல் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் ஐஸ் பத்திரமாக இருந்தது!

பிறகு பம்பாய், மதராஸ் என்று வியாபாரம் விரிந்தது. மூன்று ஊரிலும் ஐஸ் கிடங்கு கட்டினார்கள். இன்று மிச்சம் இருப்பது நம்ம ஊர் கிடங்கு மட்டும்தான். பிற்காலத்தில் இந்தியாவிலேயே மெஷின் வைத்து ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டிடம் வக்கீல் பிலிகிரி அய்யங்கார் கைக்குப் போனது. அவர்தான் விவேகானந்தரை அங்கே தங்க வைத்தவர்.

சரி, பழைய கதை இப்போது எதற்கு?

டியூடர் செய்தது என்ன என்று பாருங்கள். குளிர் சும்மா கிடைக்கிற காலத்தில் அதைச் சேர்த்து வைத்தார். கிடைக்காத நேரத்தில் எடுத்துச் செலவழித்தார். இன்று உலகம் முழுவதும் பெரிய கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கப்பலுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலை 6 மணிக்கு என்ன நடக்கிறது?

இதில் நமக்கு என்ன லாப நஷ்டம் என்று கேட்கலாம். இருக்கிறது.

ஆபீஸ் விட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வருகிறோம். சட்டையைக் கழற்றிவிட்டு பேன் சுவிட்சைத் தட்டுகிறோம். அதே நிமிடம் தெரு முழுக்க எல்லோரும் தட்டுகிறார்கள். கடைகளில் விளக்கு எரிகிறது. கிரைண்டர் ஓடுகிறது. வீட்டுக்கு வீடு ஏ.சி. உறுமுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் தாங்காது. 'டப்' என்று ஒரு சத்தம். தெருவே இருட்டு! மாவுக்கடைக்காரர் மெழுகுவர்த்தி தேடுகிறார். ஐஸ்கிரீம் கடைக்காரர் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் காவல் நிற்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மொட்டை மாடிக்கு ஓடுகிறான்.

தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 2024-ம் ஆண்டு மே 2-ந் தேதி 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம் அது. அடிக்கிற வெயில் அப்படி.

ஆனால் ஒரு வேடிக்கை. நட்ட நடுப்பகலில் மின்சாரத்துக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. சூரிய மின்சாரம் அப்போதுதான் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சூரியன் கடலுக்கு அந்தப் பக்கம் போனதும்தான் ஆபத்து. சூரிய மின்சாரம் பூஜ்யம், தேவையோ தலைக்கு மேல்.

மத்திய அரசாங்கம் 2023-ம் ஆண்டு ஒரு விதி கொண்டு வந்தது. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் யூனிட் விலை, சாதாரண விலையைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் கடை, கம்பெனிகளுக்கு 1.2 மடங்குக்குக் குறையக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விலையை நிர்ணயிப்பது அந்தந்த ஆணையங்கள். ஆனால் போகிற திசை ஒன்றுதான். பகல் மின்சாரம் மலிவு, மாலை மின்சாரம் கிராக்கி!

மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? பருப்பு, புளி என்றால் வாங்கி டப்பாவில் போடலாம். மின்சாரத்தை டப்பாவில் போட பேட்டரி வேண்டும். பேட்டரி விலையோ கையைக் கடிக்கிறது.

இங்கேதான் ஐஸ் அவுஸ் கைகொடுக்கிறது. மின்சாரத்தைச் சேர்ப்பதுதான் கஷ்டம். குளிரைச் சேர்ப்பது சுலபம்!

ஐஸ் பாங்க்!

ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக எவ்வளவு வெப்பம் வேண்டும் தெரியுமா? ஒரு கிலோ பச்சைத் தண்ணீரைப் பூஜ்யம் டிகிரியில் இருந்து 80 டிகிரி வரை சுட வைக்கிற வெப்பம்! டீக்கடை பாய்லரை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு, பூஜ்யம் டிகிரியிலேயே சாதுவாக உருகுகிறது ஐஸ்.

பால் பண்ணைக்காரர்களுக்கு இது பழைய சேதி. கறவை முடிந்து பால் மொத்தமாக வந்து இறங்கும்போது ஒரே நேரத்தில் குளிர வைக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே குழாய்களைச் சுற்றி ஐஸ் கட்ட விட்டு வைப்பார்கள். அதற்குப் பெயரே 'ஐஸ் பாங்க்'. போட்டு வைத்தால் எடுக்கலாம்!

கல்லூரிக் கட்டிடங்களில் இரண்டு வழி உண்டு.

ஒன்று ஐஸ். மெஷினை ஓட்டி தொட்டிக்குள் ஐஸ் கட்ட வைத்து, தேவைப்படும்போது உருக்கி, அந்தக் குளிரைக் கட்டிடங்களுக்கு அனுப்புவது. இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் தண்ணீரை உறைய வைக்க மெஷின் இன்னும் கீழே, பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். அதனால் அதே அளவு குளிருக்கு மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும்.

மற்றொன்று வெறும் குளிர்ந்த தண்ணீர். உறைய வைப்பதில்லை. 5, 6 டிகிரிக்குக் குளிரவைத்து பெரிய தொட்டியில் நிரப்பி வைப்பது. இடம் அதிகம் வேண்டும். ஆனால் சாதாரண மெஷினே போதும். தொட்டிக்குள் நடுச்சுவர்கூட வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். கட்டிடத்தைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாகத் திரும்பும் தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். கலக்காமல் மெதுவாக விட்டால் போதும், இரண்டும் ஒரே தொட்டிக்குள் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தும்!

இதோ கணக்கு

ஒரு மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி, லேபரட்டரி, லைப்ரரி, விடுதி எல்லாம் ஒரே வளாகம். மாலை 6 மணியில் இருந்து 10 மணி வரை 500 டன் ஏ.சி. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு டன்னுக்கு சுமார் ஒரு கிலோவாட். ஆக 500 கிலோவாட். நான்கு மணி நேரத்துக்கு 2,000 யூனிட்.

இந்தக் குளிரைப் பகலிலேயே தண்ணீரில் சேர்த்தால் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? தண்ணீர் 8 டிகிரி சூடேறித் திரும்பும் என்று கணக்குப் போட்டால், சுமார் ஏழரை லட்சம் லிட்டர். நம்ம 9 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் 84 லாரி!

'அம்மாடி, 84 லாரியா? குடிக்கவே தண்ணீர் இல்லை' என்று பதற வேண்டாம். ஒரு தடவை நிரப்பினால் போதும். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்சம் தாராளமாக வைத்தாலும், 10 மீட்டர் உயரம், பத்தரை மீட்டர் குறுக்களவு உள்ள ஒரு தொட்டி. மாடிக் கட்டிடம் ஒன்றின் மூன்று மாடி உயரம். மாட்டுக்கொட்டகை அளவு இடம்.

இப்போது பணக் கணக்கு. சாதாரண யூனிட் விலை பேச்சுக்கு 10 ரூபாய் என்போம். மத்திய விதிப்படி பகலில் 8 ரூபாய், மாலையில் 12 ரூபாய். யூனிட்டுக்கு 4 ரூபாய் மிச்சம். ஒரு மாலைக்கு 8 ஆயிரம் ரூபாய்!

அது கல்லூரிக்கு. நமக்கு?

500 கிலோவாட் என்பது சுமார் 300 வீட்டு ஏ.சி.க்கள் ஒன்றாக ஓடுகிற பாரம். அந்தப் பாரம் மாலையில் அந்த வட்டாரத்து லைனில் இருந்து இறங்கிவிடும். மாவுக்கடைக்காரரின் மெழுகுவர்த்திக்கு வேலை குறையும்.

ஏன் கல்லூரி வளாகம்?

வீட்டுக்கு வீடு இப்படித் தொட்டி கட்ட முடியாதா? முடியாது. சின்னத் தொட்டியில் குளிர் சீக்கிரம் ஓடிவிடும். தொட்டி பெரிதாக ஆக, உள்ளே இருக்கும் தண்ணீரோடு பார்த்தால் வெயில் படுகிற தோல் குறைகிறது. டியூடர் ஐஸ் கட்டிகளை நெருக்கி அடுக்கி ஒரே மலையாக வைத்ததன் சூட்சுமமும் இதுதான்.

கல்லூரி வளாகத்துக்கு எல்லாம் தோதாக இருக்கிறது. பல கட்டிடம், ஒரே முதலாளி, ஒரே கரண்ட் பில். இடம் இருக்கிறது. எந்த மணிக்கு எந்த வகுப்பு என்று டைம்டேபிள் இருக்கிறது. நாளைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று இன்றே சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2015-ம் ஆண்டு இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. செலவு 48 கோடியே 50 லட்சம் டாலர். குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு தொட்டி. ஒவ்வொன்றிலும் சுமார் 1 கோடியே 80 லட்சம் லிட்டர்! வெந்நீருக்கு ஒரு தொட்டி.

வெந்நீர் எதற்கு? அதுதான் கில்லாடித்தனம். ஏ.சி. என்பது என்ன? அறையில் இருக்கும் வெப்பத்தைப் பிடித்து வெளியே தள்ளும் மெஷின். நாம் அதைத் தெருவில் தள்ளுகிறோம். ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அனல் தெரியும். ஸ்டான்போர்டில் அந்த வெப்பத்தைத் தெருவில் விடவில்லை. பிடித்து வெந்நீராக்கி, குளிக்கவும், குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கவும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு முன்பு எரிவாயுவை எரித்து ஓட்டிய பழைய நிலையத்தை மூடிவிட்டார்கள்.

நம்ம ஊரில் குளிர்காலச் சூடு தேவை இல்லை. ஆனால் விடுதிக் குளியலறை உண்டு, மெஸ் உண்டு, ஆஸ்பத்திரி சலவை உண்டு. வெந்நீருக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது.

மீண்டும் ஏரி!

இன்னொரு கல்லூரி கதை, டியூடர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம். பக்கத்தில் கயூகா என்ற ஆழமான ஏரி. கோடை காலத்திலும் அதன் அடியில், சுமார் 250 அடி ஆழத்தில், தண்ணீர் 4 டிகிரியில் ஜில்லென்று இருக்கும். போன குளிர்காலத்தின் குளிர் அங்கே பத்திரமாகப் படுத்திருக்கிறது.

2000-ம் ஆண்டு முதல் அந்தத் தண்ணீரை மேலே இழுத்து, கல்லூரி ஏ.சி.க்குப் பயன்படுத்துகிறார்கள். ஏரித் தண்ணீர் வேறு, கல்லூரிக் குழாய்த் தண்ணீர் வேறு. இரண்டும் கலப்பதில்லை. மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, குளிரை மட்டும் கை மாற்றிக்கொள்கின்றன. குளிர வைக்கும் மெஷினுக்கு ஓய்வு. மோட்டாருக்கு மட்டும் கரண்ட். பழைய முறையோடு பார்த்தால் மின்சாரச் செலவில் 85 சதவீதத்துக்கு மேல் மிச்சம்!

அந்தக் காலத்தில் ஏரியை அறுத்து மதராசுக்கு அனுப்பினார்கள். இந்தக் காலத்தில் ஏரிக்கே குழாய் போட்டுவிட்டார்கள்.

முதலில் வெப்பத்தைப் பிடி!

இங்கே ஒரு எச்சரிக்கை. தொட்டி கட்டினால் மின்சாரம் செலவாவது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொட்டி செய்வது நேரத்தை மாற்றுவது மட்டும்தான். மாலையில் தின்ன வேண்டிய மின்சாரத்தைப் பகலில் தின்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலக் கட்டிடம் இருந்தால் எத்தனை தொட்டி கட்டியும் புண்ணியம் இல்லை.

திருடனைப் பிடிக்கும் முன்பு வாசலைப் பூட்ட வேண்டும் அல்லவா? கண்ணாடிச் சுவர் வழியாகவும், மொட்டை மாடி வழியாகவும் உள்ளே நுழையும் வெயில்தான் திருடன்.

ஐஸ் அவுசில் இருந்து அதே சாலையில் வடக்கே நடந்தால் மாநிலக் கல்லூரி. அதையும் தாண்டினால் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். இரண்டும் சிஷோம் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் 19-ம் நூற்றாண்டில் கட்டியவை. தடிமனான சுவர், உயரமான கூரை, சுற்றி வர தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்திலேயே நின்றுவிடும். பகல் முழுக்க அடிக்கும் வெப்பம் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தச் சுவரும் ஒரு வகைச் சேமிப்புத்தான்.

இன்று கட்டுகிற கட்டிடங்களோ சில இடங்களில் கண்ணாடி டப்பா! வெயிலை வரவேற்று உள்ளே உட்கார வைத்துவிட்டு, அதை விரட்ட ஏ.சி. வாங்குகிறார்கள்.

ஐதராபாத் பக்கம் போச்சாரத்தில் இன்போசிஸ் கம்பெனி 2011-ம் ஆண்டு ஒரு கட்டிடம் கட்டியது. அதில் ஒரு வேடிக்கையான பரீட்சை. கட்டிடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் வெயில் படாதபடி ஜன்னல், சுவர் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு பாதிக்கு வழக்கமான, காற்றை ஊதும் ஏ.சி. மறு பாதிக்கு கான்கிரீட் தளத்துக்குள் குழாய் புதைத்து, அதில் குளிர்ந்த தண்ணீரை ஓட விட்டார்கள். தளமே ஜில்லென்று ஆகி, ஆட்களின் உடம்பு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வழக்கமான பாதியும் நல்ல ரக ஏ.சி.தான். அப்படியும் குழாய் பாதி ஜெயித்தது. ஏ.சி. மின்சாரம் சுமார் 34 சதவீதம் குறைவு! கட்டும் செலவும் கூடவில்லை.

தண்ணீர்ப் பிரச்சினை

இன்னொரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. பெரிய ஏ.சி. நிலையங்களின் மாடியில் 'கூலிங் டவர்' இருக்கும். மண் பானைத் தத்துவம்தான். தண்ணீர் ஆவியாகும்போது குளிர்கிறது. ஆனால் ஆவியான தண்ணீர் போனது போனதுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடத்தோடு அலைந்த ஊர் இது. நல்ல தண்ணீரை ஆவியாக்குவது பாவம். கல்லூரி விடுதியின் கழிவு நீரைச் சுத்தம் செய்து அதற்குப் பயன்படுத்தலாம்.

2019-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் 'இந்திய குளிர்விப்புச் செயல் திட்டம்' என்று ஒன்றை வெளியிட்டது. 2037-38-ம் ஆண்டுக்குள் குளிர்விக்கும் தேவையில் 20 முதல் 25 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்பது இலக்கு. காகிதத்தில் இருக்கும் இலக்கு கட்டிடத்துக்கு வர வேண்டும்.

கேட்டுப் பாருங்கள்

புதுக் கல்லூரிக் கட்டிடங்களுக்குக் கால்கோள் விழா நடந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர்கள் "ஏ.சி. வகுப்பறையா?" என்று கேட்கிறார்கள். அதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம். "ஜன்னலுக்கு நிழல் உண்டா? மாடிக்கு வெள்ளைப் பூச்சு உண்டா? குளிர்நீர்த் தொட்டிக்கு இடம் விட்டிருக்கிறீர்களா?" கட்டும்போது இடம் விட்டால் காசு கம்மி. கட்டி முடித்த பிறகு தரையைப் பெயர்த்துக் குழாய் போட்டால் இரட்டைச் செலவு.

தொட்டி கட்ட வசதி இல்லாத நமக்கும் ஒரு வழி இருக்கிறது. 2020-ம் ஆண்டு முதல் ஸ்டார் முத்திரை போட்ட ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம். அதை 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அலுவலகம். 24-ல் விட்டு, கூடவே பேனைப் போட்டுக்கொண்டால் பில்லும் குறையும், தெரு டிரான்ஸ்பார்மரும் பிழைக்கும்.

இந்தப் பேப்பரைப் பஸ்சில் படித்துக்கொண்டிருப்பவர்கள், ஐஸ் அவுஸ் ஸ்டாப்பிங் வரும்போது ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி அந்த வட்டக் கட்டிடத்தைப் பாருங்கள். ஏ.சி. இல்லாத காலத்தில் நான்கு மாதம் கடலில் வந்த குளிரைக் காத்து வைத்த கட்டிடம் அது. நாம் காத்து வைக்க வேண்டியது மத்தியானத்தில் இருந்து ராத்திரி வரை மட்டும்தான்!